ஸ்டோரேஜ்னா வெறும் டிபி கணக்கு மட்டும் இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்வர் விர்ச்சுவலைசேஷன், அதாவது ஒரே சர்வர்ல பல மெய்நிகர் சர்வர்கள (விஎம்) ஓட்டறது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா ஸ்டோரேஜ் விஷயத்த மட்டும் தேவையான அளவு இடம் வாங்கிக்கோங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. பத்து இருபது விஎம் ஒரே சான்ல (நெட்வொர்க் வழியா பல சர்வர் பகிர்ந்துக்கற ஸ்டோரேஜ்) உக்காந்திருந்தா இடம் தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஐஓபிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ரீடு, ரைட் தாங்கும்ங்கற அளவு) தீர்ந்துடும்.

கணக்கு போட்டே பாக்கலாம். ஒரு ஹார்டு டிஸ்க் செகண்டுக்கு சுமாரா 150 ஐஓ தாங்கும்னு வைங்க, 8 டிஸ்க் போட்டா 1200. ரீடுக்கு பெருசா பிரச்சனை இல்ல, ரைட்டுலதான் வில்லங்கமே. டிஸ்க் ஒண்ணு போனாலும் டேட்டா போகாம பல டிஸ்க்க ஒண்ணா சேக்கற முறைதான் ரெய்டு. அதுல ரெய்டு 10ல ஒவ்வொரு ரைட்டும் ரெண்டு டிஸ்க்ல விழணும், அதனால கைல நிக்கறது 600. ரெய்டு 5ல பழைய டேட்டாவ படிச்சு, பழைய பாரிட்டிய (டிஸ்க் போனா டேட்டாவ மீட்க வச்சிருக்கற கணக்கு) படிச்சு, அப்புறம் ரெண்டையும் புதுசா எழுதணும், ஆக ஒரு சின்ன ரைட்டுக்கு 4 வேலை, மிஞ்சறது 300. ரெய்டு 6ன்னா 6 வேலை, வெறும் 200. கன்ட்ரோலர் கேஷ் (ரைட்ட தற்காலிகமா வாங்கி வைக்கற மெமரி) கொஞ்ச நேரம் இத மறைக்கும், கேஷ் நிறைஞ்சதும் குட்டு உடைஞ்சிடும். இடம் ஜாஸ்தி கிடைக்குதேன்னு ரெய்டு 5 எடுத்து அதுலயே டேட்டாபேஸ் விஎம்மையும் ஏத்திட்டு நெட்வொர்க் ஸ்லோன்னு புலம்பறவங்களத்தான் நான் அதிகமா பாக்கறேன். அதுக்காக எல்லாத்துக்கும் ரெய்டு 10 வாங்குங்கன்னு சொல்லல, ஃபைல் சர்வருக்கு ரெய்டு 6 தாராளமா போதும்.

அடுத்தது தின் ப்ரொவிஷனிங், அதாவது கேட்ட இடத்த மொத்தமா ஒதுக்காம எழுத எழுத குடுக்கறது. இடம் மிச்சம்னு எழுதியிருந்தாங்க, மிச்சம்தான், இல்லங்கல. ஆனா 10 டிபி லன்ல (சான்ல பிரிச்சு வச்ச ஒரு ஸ்டோரேஜ் பகுதி) 18 டிபிக்கு டிஸ்க் பிரிச்சுக் குடுத்துட்டு யாரும் எட்டிப் பாக்கலன்னா, லன் நிறையற அன்னிக்கு அதுல புதுசா இடம் கேக்கற அத்தனை விஎம்மும் ஒண்ணா நின்னுடும். சரி, உள்ள போய் ஃபைல டெலீட் பண்ணுவோம்னு பண்ணுவாங்க, விஎம்முக்குள்ள காலின்னு காட்டும், சான்ல ஒரு ஜிபி கூட திரும்பியிருக்காது. அன்மேப் (இந்த இடம் காலின்னு ஸ்டோரேஜுக்கு சொல்ற கட்டளை) விஎம்லேர்ந்து சான் வரைக்கும் ஓடினாதான் அது வரும், விஎம்வேர்ங்கற விர்ச்சுவலைசேஷன் கம்பெனியோட ஃபைல் சிஸ்டமான விஎம்எஃப்எஸ் 6 டேட்டாஸ்டோர்ல அது தானா ஓடும், 5ல நாமதான் கமாண்டு குடுக்கணும். இதுல ஸ்னாப்ஷாட் (விஎம் ஒரு நேரத்துல இருந்த நிலைய பிடிச்சு வைக்கறது) வேற. ஒரு ஸ்னாப்ஷாட்ட 72 மணி நேரத்துக்கு மேல வச்சுக்காதீங்கன்னு விஎம்வேரே சொல்லுது, நம்மாளுங்க அத பேக்கப்புன்னு நினைச்சு மாசக்கணக்கா விட்டுடறாங்க, அது பாட்டுக்கு வளந்துட்டே இருக்கும்.

கட்டுரையில ஐஸ்கஸிக்கு (நெட்வொர்க் வழியா ஸ்டோரேஜ அணுகற முறை) ஜம்போ ஃப்ரேம் (பெரிய நெட்வொர்க் பாக்கெட்) போடச் சொன்னது சரிதான், ஆனா ஹோஸ்ட், ஸ்விட்ச், ஸ்டோரேஜ் மூணுலயும் பாக்கெட் அளவு 9000 பைட்டுன்னு செட் ஆகியிருக்கணும்னு சேத்து சொல்லியிருக்கலாம். நடுவுல ஒரு ஸ்விட்ச் மட்டும் 1500ல இருந்தா சாதா பிங் ஜோரா போகும், லாகின் கூட ஆகும், பெரிய காப்பி போட்டா அப்படியே தொங்கும், ஆளுங்க கேபிள மாத்தி மாத்தி பாத்துட்டு இருப்பாங்க.

அடுத்த தடவ இத பத்தி போடும்போது, வாங்கறதுக்கு முன்னாடி இப்ப ஓடற சர்வர்ல ஒரு வாரம் ரீடு எவ்வளவு ரைட் எவ்வளவுன்னு எப்படி அளக்கறதுன்னு எழுதச் சொல்லுங்க, விண்டோஸ்ல பெர்ஃப்மான், லினக்ஸ்ல ஐஓஸ்டாட், ரெண்டுக்கும் காசு கூட வேணாம்.

இப்படிக்கு,
சிஸ்டம் அட்மின் வேலை பாக்கற ஒரு வாசகர்