போரமிர் நடந்த 110 நாள்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். "போரமிர் ரிவெண்டெல் வந்து சேர எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டாய். "110" என்றேன். "சரி" என்றாய். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு நீயும் எதுவும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இரண்டு வருஷமாக நாம் விடுகதை போட்டு விளையாடுகிறோம், இப்படி வறண்டுபோன ஞாயிறு ஒன்று வந்ததே இல்லை. அன்றிலிருந்து இதை உனக்கு எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. டோல்கீன் 'ஹாபிட்', 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவல்களில் படைத்த, போரமிரும் ரிவெண்டெலும் இருக்கிற உலகத்தில் நம்மைப் போலவே பாதி நாள் குடியிருக்கிறவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டுமே என்றுதான் இதை எல்லோர் முன்னாலும் வைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ எனக்குப் போட்ட முதல் விடுகதை நினைவிருக்கிறதா?

எண்ணெய் இல்லை, திரியும் இல்லை;
தண்ணீருக்குள் எரியும் தீபம்;
எட்டுக்காலி கண்டால் எட்டி ஓடும்.

நான்கு நாள் திண்டாடினேன். முதலில் ஆர்க்கன்ஸ்டோன் என்று நினைத்தேன். அது மலையின் அடிவயிற்றில் கிடைத்த கல், தண்ணீரோடு அதற்கு உறவில்லை. அடுத்து மந்திரவாதி காண்டால்ஃபின் கைத்தடி வெளிச்சம். அதைக் கண்டு எந்தச் சிலந்தியும் ஓடியதாக ஞாபகம் இல்லை. மூன்றாம் நாள் சில்மரில் என்கிற ஒளிமணி என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன். ஆனால் அந்தக் கதையில் வருகிற சிலந்தி உங்கோலியன்ட் ஓடுகிறவளா? சில்மரில்களையும் விழுங்கத் தா என்று இருளின் அதிபதி மோர்காத்திடமே மல்லுக்கு நின்றவள். நான்காம் நாள் காலையில் கண் விழிக்கும்போதே விடை வந்து நின்றது. எல்ஃப் இனத்துத் தலைவி கலாட்ரியல், ஹாபிட் என்கிற குள்ள இனத்து ஃப்ரோடோவுக்குக் கொடுத்த பளிங்குக் குப்பி! எயரெண்டிலின் விண்மீன் ஒளியைத் தன் நீரூற்றின் தண்ணீரில் பிடித்து அடைத்துத் தந்தாளே, அது.

உடனே புத்தகத்தை எடுத்து ராட்சதச் சிலந்தி ஷெலோபின் குகைக்குப் போனேன். இருட்டில் அவர்கள் சிக்கிக்கொள்ளும்போது குப்பி ஃப்ரோடோவின் நெஞ்சோடுதான் இருக்கிறது, ஆனால் அவனுக்கு அது நினைவில் இல்லை. தோழன் சாம்தான் அந்த அம்மாள் கொடுத்த பரிசை ஞாபகப்படுத்துகிறான். எத்தனை தடவை படித்த இடம்! மடியிலேயே வைத்துக்கொண்டு மறந்துபோவது எப்படியிருக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது, ஏனென்றால் நான்கு நாளாக நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். இன்னொன்றையும் அன்று கவனித்தேன். எயரெண்டில் நெற்றியில் சூடிக்கொண்டு வானத்தில் போகிற அந்த விண்மீனே ஒரு சில்மரில்தான். ஆக என் தப்பான விடை சரியான விடைக்குப் பாட்டி முறை. மூன்று வரியில் எத்தனை கதவைத் திறந்துவிட்டாய் பார்.

அந்த விடுகதையையும் "எத்தனை நாள்" என்ற கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நீ ஏன் இந்தப் பக்கம் நகர்ந்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. விடுகதையை யாராவது பத்து நொடியில் அவிழ்த்துவிட்டால் முகம் வாடும். அதனால் குதிரையின் பெயர், கொள்ளுத்தாத்தாவின் பெயர், அரசாண்ட வருஷம் என்று இன்னும் ஆழத்துக்குப் போய்த் தோண்டி எடுத்து வருகிறாய். ஆனால் தேடுபொறிக்கு இதைவிட சுலபமான தீனி கிடையாது. பெயரும் எண்ணும் எத்தனை ஆழத்தில் கிடந்தாலும் அது எடுத்துக் கொடுத்துவிடும்.

குகைக்குள் ஹாபிட் பில்போவும் அங்கேயே கிடக்கிற பிறவி கொல்லமும் உட்கார்ந்து விடுகதை போடும் அத்தியாயத்தை இந்த வாரம் திரும்பப் படித்தேன். 'ஹாபிட்' வெளிவந்தது 1937 செப்டம்பரில். அப்போது டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியர், பழம் விடுகதைகளில் ஊறியவர். இருந்தும் அந்த அத்தியாயத்தின் விடுகதைகளில் பெரும்பாலானவை தன் சொந்த ஆக்கம் என்று 1947-இல் பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். இந்த முறை விடைகளை விட்டுவிட்டு, யார் எதைக் கேட்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். கொல்லம் கேட்பவை மலை, காற்று, இருட்டு, மீன், காலம். பில்போ கேட்பவை பல், பூ மேல் விழும் வெயில், முட்டை, கடைசியாகச் சாப்பாட்டு மேசையில் ஒரு மீன். இருவரின் பெயரையும் மறைத்துவிட்டு இந்த இரண்டு வரிசையை மட்டும் காட்டினாலும் எவன் குகைக்குள் கிடக்கிறவன், எவன் வெயிலும் அடுப்படியும் உள்ள வீட்டை விட்டு வந்தவன் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அந்த வெயில் விடுகதையில் என்னால் இன்னும் கண்ணை எடுக்க முடியவில்லை. நீல முகத்தில் ஒரு கண், பச்சை முகத்தில் ஒரு கண், ஒன்றை ஒன்று பார்க்கிறது. வானத்துச் சூரியன் புல்லில் பூத்த டெய்சியைப் பார்க்கிறது. டெய்சி என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்பதிலிருந்து வந்ததுதான். விடையை அந்தப் பூவின் பெயருக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்து நடப்பது. அதைக் கேட்டதும் கொல்லத்துக்கு ஆற்றங்கரை வளையில் பாட்டியோடு இருந்த காலம் ஞாபகம் வருகிறது. முட்டை விடுகதைக்கும் அப்படித்தான், என்றைக்கோ பறவைக் கூட்டில் திருடியதும் பாட்டிக்கு முட்டை உறிஞ்சச் சொல்லிக் கொடுத்ததும் ஞாபகம் வந்துதான் விடை கிடைக்கிறது. வெயிலையே மறந்துபோன ஒரு பிறவியிடம் வெயிலைக் கேட்டால் அது வலிக்கத்தான் செய்யும். வெயிலுக்கு விடை சொன்ன கையோடு அது போடுகிற அடுத்த விடுகதை இருட்டு. கத்தியில்லாமல் நடக்கிற சண்டையில் அது பதிலுக்கு வீசுகிற அடி அது. அந்த இடத்தில் கொல்லத்தின் மேல் எனக்கு வந்த இரக்கம் எந்தப் போர்க்களக் காட்சியிலும் யார் மேலும் வந்ததில்லை.

உனக்கும் எனக்கும் அங்கே ஒரு பழைய வழக்கு இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். பையில் என்ன இருக்கிறது என்று பில்போ கடைசியில் கேட்டானே, அது விடுகதையா இல்லையா? விடுகதைதான் என்பாய் நீ. இல்லை என்கிறேன் நான், இன்றைக்கும். கொல்லம் மூன்று முயற்சி கேட்டு வாங்கியது, கை என்றது, கத்தி என்றது, கடைசியில் கயிறு அல்லது ஒன்றுமில்லை என்று இரண்டை ஒன்றாகத் திணித்தது. பாவம், எத்தனை முயற்சி கொடுத்திருந்தாலும் யோசித்துக் கண்டுபிடிக்க அந்தக் கேள்விக்குள் ஒரு நுனிகூட இல்லை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முன்னுரையிலேயே இந்தப் பஞ்சாயத்து வருகிறது. கறாரான விதிப்படி அது விடுகதையா வெறும் கேள்வியா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டாம். ஆனால் ஏற்றுக்கொண்டு விடை சொல்ல முயன்றபின் கொல்லம் வாக்கைக் காப்பாற்றக் கடமைப்பட்டது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்களாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இந்தத் தந்திரம் டோல்கீனுக்கு முன்னாலேயே உண்டு. பழைய ஐஸ்லாந்துக் கதை ஒன்றில் ஓடின் கடவுள் மாறுவேடத்தில் வந்து ஹெய்த்ரெக் மன்னனிடம் விடுகதையாகப் போட்டுக்கொண்டே போகிறார், மன்னனும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வருகிறான். கடைசியில், தன் மகன் பால்டரைச் சிதையில் ஏற்றும் முன் ஓடின் அவன் காதில் என்ன சொன்னார் என்று கேட்கிறார். அது ஓடினைத் தவிர யாருக்குத் தெரியும்? மன்னன் வாளை உருவிவிட்டான், ஓடின் பருந்தாகிப் பறந்து தப்பினார். அந்தக் கதையை 1960-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் டோல்கீனின் மகன் கிறிஸ்டோஃபர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. கேட்கிறவனுக்கு மட்டும் தெரிந்த விடை, ஆட்டத்தை அங்கேயே கொன்றுவிடுகிறது. பெயரையும் வருஷத்தையும் கேட்கிற கேள்வி அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. யோசனைக்கு வேலையில்லை, ஒன்று தெரியும், இல்லாவிட்டால் தெரியாது.

சரி, அதற்காக விடையை வாசலிலேயே தொங்கவிடவும் கூடாது. டிராகன் ஸ்மாகிடம் பில்போ தன் பெயரை மறைத்துப் புதிர்ப் பட்டங்களாக அடுக்குகிறானே, அதில் பீப்பாய் மேல் வந்தவன் என்ற ஒன்று போதுமானதாயிற்று, ஏரி நகரத்துக்காரர்களின் கை இதில் இருக்கிறது என்று ஸ்மாக் கணக்குப் போட. ஒரு துப்பு கூடிப்போனதற்கு ஊரே எரிந்தது.

எனக்கு ஆதர்சம் மோரியா சுரங்கத்தின் வாசல். விடை கதவிலேயே எழுதியிருக்கிறது, விண்மீனும் நிலவும் பட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில். காண்டால்ஃபுக்கு எத்தனை மொழி தெரியும், எத்தனை மந்திரம் தெரியும்! எல்லாவற்றையும் சொல்லிப் பார்க்கிறார், கதவு அசையவில்லை. 'பேசு, நண்பனே, உள்ளே வா' என்று அவர் படித்த வரி உண்மையில் 'நண்பன் என்று சொல், உள்ளே வா'. எல்ஃப் மொழியில் நண்பன் என்று அர்த்தம் வரும் 'மெல்லோன்' என்றதும் திறக்கிறது. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கூட வந்த மெர்ரி முன்னாலேயே கேட்டிருந்தான், அவன்தான் சரியான தடத்தில் இருந்தான் என்று காண்டால்ஃபே பிறகு ஒப்புக்கொள்கிறார். நல்ல விடுகதைக்கு விடை தெரிந்ததும் நாமும் நெற்றியில் அடித்துக்கொள்கிறோமே, கண் முன்னாலேயே இருந்ததே என்று, அந்த அடிக்காகத்தான் நான் நான்கு நாளென்ன, நாற்பது நாளும் காத்திருப்பேன்.

விடுகதையைப் 'பிசி' என்ற பெயரில் சொல்கிற தொல்காப்பியம் அதை இரண்டு வகையாகத்தான் பிரிக்கிறது. ஒன்றைப் போல இன்னொன்றைக் காட்டுவது ஒரு வகை, தோன்றுவதைச் சொல்லி அதைக் கொண்டே துணிய வைப்பது இன்னொரு வகை. முதல் வகைக்கு உரைகாரர் காட்டுகிற எடுத்துக்காட்டு 'பிறை கவ்வி மலை நடக்கும்'. யானை! நாலே சொல். யானையை ஆயிரம் தடவை பார்த்தவனும் இதைக் கேட்டபின் தந்தத்தில் பிறையைப் பார்க்காமல் இருக்க முடியாது. நீ எண்ணெயும் திரியும் இல்லாத தீபம் என்று எழுதினாயே, அது இந்த வம்சம்தான். நீ தெரிந்து செய்தாயோ தெரியாமல் செய்தாயோ, உன் கை அதை அறிந்திருக்கிறது. அந்தக் கையை இப்போது பட்டியல் எழுத வைத்துவிட்டாயே என்பதுதான் என் ஆதங்கமெல்லாம்.

இப்போது போரமிரிடம் வருகிறேன். அவன் 110 நாள் ஏன் பயணம் போனான்? தம்பி ஃபாரமிருக்குத் திரும்பத் திரும்ப ஒரு கனவு வருகிறது, அண்ணனுக்கும் ஒரு முறை வருகிறது. கனவில் ஒரு குரல். உடைந்த வாளைத் தேடு, அது இம்லாட்ரிஸில் இருக்கிறது, சாபம் விழித்துக்கொள்ளும், அரையாள் ஒருவன் முன்வருவான் என்கிறது. அண்ணனுக்கும் புரியவில்லை, தம்பிக்கும் புரியவில்லை. அப்பா டெனதோருக்குத் தெரிந்ததெல்லாம் இம்லாட்ரிஸ் என்பது வடக்கே எங்கோ எல்ரோண்ட் வாழ்கிற பள்ளத்தாக்கின், அதாவது ரிவெண்டெலின், பழைய பெயர் என்பது மட்டும். வழி தெரியாமல் புறப்படுகிறான், தார்பாத் அருகே ஆற்றைக் கடக்கும்போது குதிரையையும் இழக்கிறான், மிச்சத் தூரத்தை நடக்கிறான். எதற்கு? ஒரு விடுகதைக்கு விடை கேட்க! எல்ரோண்டின் சபையில் அரகோர்ன் எழுந்து உடைந்த வாளை மேசைமேல் போடுகிறான், பிறகு அரையாளான ஹாபிட் ஃப்ரோடோ அந்தச் சாபத்தை, மோதிரத்தை, எடுத்துக் காட்டுகிறான். விடை ஒவ்வொன்றாக அவன் கண் முன்னால் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் போரமிரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நீ அந்த 110-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு அவன் தோளில் சுமந்துவந்த விடுகதையை வழியிலேயே விட்டுவிட்டாய். நானும் 110 என்று சொல்லிவிட்டு அவனைக் கடந்துபோய்விட்டேன். இந்த வாரம் முழுக்க எனக்கு அதுதான் உறுத்தல்.

வருகிற ஞாயிறு என் முறை. எழுதி வைத்துவிட்டேன்:

பாதை முழுக்கச் சுமந்தான், பாதையில் திறக்கவில்லை;
ஊர் பாழானபின் திறந்தான், ஒரு பிடிதான் இருந்தது;
ஊருக்கெல்லாம் பங்கிட்டான், ஒன்று மட்டும் பொன்னாய்ப் பூத்தது.

கொல்லத்துக்குக் கிடைத்த மாதிரி உனக்கும் மூன்று முயற்சி. இரண்டு விடையை ஒன்றாகத் திணிக்கக் கூடாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா