சயான் கோலிவாடா சொந்தங்களுக்கு ஒரு நன்றி மடல்

மும்பையில் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) குடியிருக்கும் அனைவருக்கும், சாலுக்கு வெளியே இருந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

ஒன்றரை வருடமாக என் மகனின் வாந்திச் சத்தத்தில் உங்களில் பலருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது. ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்துவரும்போது எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தால், எதுவும் கேட்காமல் என் குடங்களையும் எடுத்துப்போய் நிரப்பி வாசலில் வைத்தீர்கள். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

அவனுக்கு ஆறு வயது. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை, விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மணிக்கு நான்கைந்து தடவை வாந்தி, நடுநடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளி விளிம்பில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். தலையை நிமிர்த்தினால் நெற்றியில் அந்த வாளியின் வளைவு சிவப்பாகப் பதிந்திருக்கும். இரண்டு நாள் இப்படி. பிறகு குழாயை மூடியதுபோல் நின்றுவிடும். மூன்றாம் நாள் இட்லி தின்றுவிட்டு மட்டையோடு ஓடுவான்.

அந்த மூன்றாம் நாள்தான் எங்களுக்கு எதிரியாக இருந்தது. ஓடியாடும் பிள்ளையைப் பார்த்து யார் நம்புவார்கள்? ஒரு மருத்துவமனையில், பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்றார்கள். தீபாவளி விடுமுறையிலும் வந்ததே என்று கேட்டேன். பதில் இல்லை, பில் மட்டும் வந்தது.

உறவினர்கள் குடலேற்றம் என்றார்கள், தொக்கம் என்றார்கள். திருஷ்டி சுற்றிப்போட்ட மிளகாய்க்குக் கணக்கில்லை. லேபர் கேம்ப் என்ற பகுதியில் குடல் வழிக்கும் பாட்டியிடம் தூக்கிப்போனோம். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டவர், அவன் எடுத்த வாந்தியைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டார். "பச்சையாக வருகிறது தாயே. இது என் கைக்கு அடங்குவதில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றார். காசும் வாங்கவில்லை. குடல் முறுக்கிக்கொண்டாலும் வாந்தி பச்சையாக வரும், உடனே பார்க்கவேண்டியது என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாட்டி, படித்தவர்கள் சிலர் கவனிக்காததை நீங்கள் கவனித்தீர்கள்.

அன்று இரவு ஜூலை மழை. காந்தி மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர், ஹிந்த்மாதாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாக்சிக்கார பய்யா வடாலா, ஷிவ்டி என்று சுற்றிப் பரேலில் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார். பின் இருக்கையை நாங்கள் நாசமாக்கியிருந்தோம். கூடுதலாக நீட்டிய பணத்தைத் தள்ளிவிட்டு, "பச்சா டீக் ஹோ ஜாயே" (பிள்ளை குணமாகட்டும்) என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டி எண்ணைக்கூட நான் பார்க்கவில்லை. இதைப் படிக்கும் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றி, விளக்கை அணைத்து அவனைத் தூங்கவிட்டார். அதற்கு முன் ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டார். சில குறைபாடுகள் வாந்தி நடக்கும்போது சோதித்தால்தான் பிடிபடுமாம். அதுவரை எல்லாச் சோதனையையும் நாங்கள் மூன்றாம் நாளில்தான் செய்திருந்தோம்! பிறகு ஸ்கேன், பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே. குடல் சரியான இடத்தில்தான் இருந்தது. எதிலும் ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் மீண்டும் வரச்சொன்னார்கள். "எந்தெந்தத் தேதியில் வந்தது?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று எதிர்வீட்டு தாயியிடம் (மராத்தியில் அக்கா) புலம்பினேன். தாயி உள்ளே போய் இரண்டு வருடக் காலநிர்ணய் காலண்டர்களைக் கொண்டுவந்தார். பால் கணக்கு எழுதும் கட்டங்களுக்கு நடுவே, எங்கள் வீட்டில் விளக்கு எரிந்த நாள்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தார். பதினொரு வட்டங்கள். ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். "எப்போதாவது யாராவது கேட்பார்கள் என்று தோன்றியது" என்றார்.

மருத்துவர் அந்தக் காலண்டர்களை மேசையில் விரித்துப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒரே இடைவெளி. கணபதி ஊர்வலத்துக்கு மறுநாள் ஒரு வட்டம். தாதரில் திருநெல்வேலி ரயில் ஏறவேண்டிய நாளன்று ஒரு வட்டம் (டிக்கெட்டை ரத்து செய்தோம்). பயமும் சளிக்காய்ச்சலும் மட்டுமல்ல, அதிக மகிழ்ச்சியும் தூக்கக் குறைவும்கூட இதைக் கிளப்பிவிடுமாம். "வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் மாமியார், "எனக்குத்தான்" என்றார். நாற்பது வருடமாகத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, சுக்குப் பற்றுப் போட்டு, யாரிடமும் சொல்லாமல் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "என் தலையிலிருந்து அவன் வயிற்றுக்கு இறங்கிவிட்டதா?" என்று அங்கேயே அழுதார். அத்தை, நீங்கள் அன்று வாய் திறந்ததால்தான் வழி பிறந்தது. இனி அதைக் குற்றமாகப் பேசாதீர்கள்.

சைக்ளிக் வாமிட்டிங் சின்ட்ரோம், அதாவது விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வரும் வாந்தி நோய் என்று பெயர் சொன்னார்கள். ஒற்றைத் தலைவலிக்குச் சொந்தக்கார நோய். முழுக் காரணம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. 1882இலேயே சாமுவேல் ஜீ என்ற லண்டன் மருத்துவர் இப்படி விட்டுவிட்டு வாந்தியெடுத்த ஒன்பது குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறாராம். அந்த ஒன்பது தாய்மாரிடமும் பிள்ளை நடிக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்துக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி. இரவு பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, வண்ண வண்ண ஜூஸ் டப்பாவை எடுத்த என் கையைத் தட்டிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொடுத்தவர் அவர்.

இப்போது இரவில் ஒரு மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். நான்கு மாதத்தில் ஒரே ஒருமுறைதான் வந்தது, அதுவும் அரை நாளில் அடங்கிவிட்டது. இந்த வருடக் காலண்டரின் கடைசித் தாள்களில் தாயி பால் கணக்கு மட்டும்தான் எழுதுகிறார்.

பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. தாதர் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொல்லப்போகிறோம். அதுவரை தயவுசெய்து யாரும் அவன் காதில் போட்டுவிடாதீர்கள்.