மலைநடையில் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல நாள் மலைநடை பற்றிய பயணக் கட்டுரைகள் இப்போது அடிக்கடி வருகின்றன. மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலானவற்றில் ‘மொத்தம் இத்தனை கிலோமீட்டர், இத்தனை நாள்’ என்பதோடு வழித் தகவல் முடிந்துவிடுகிறது. அதை மட்டும் நம்பிக் கிளம்புகிறவர்கள் சிகரத்தைப் பற்றியும் கணவாயைப் பற்றியும்தான் கவலைப்படுகிறார்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே பாலமில்லாத ஒரு ஆறு இருப்பதும், அதைக் கடக்க ஒரு நேரம் உண்டு என்பதும் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

நடை நேரத்துக்கு, 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 16 கிலோமீட்டர் தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கு 3 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 2 மணி, ஆக 5 மணி 12 நிமிடம். இது நல்ல உடல்வலு உள்ளவர் ஓய்வில்லாமல் நடந்தால். முதுகில் 14 கிலோ சுமை, சாப்பாடு, தண்ணீர் பிடிக்க நிற்பது, கரடுமுரடான இறக்கம் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 8 மணி நேரம் வைத்துக்கொள்வதே நல்லது. காலை 7 மணிக்குக் கிளம்புகிறவர் ஆற்றங்கரைக்கு வந்து சேரும்போது பிற்பகல் 3 மணி.

பனி உருகி வரும் ஆறாக இருந்தால் அதைவிட மோசமான நேரம் கிடையாது. பகல் வெயிலில் உருகிய நீர் பிற்பகலிலும் மாலையிலும் பெருகி வரும். இரவுக் குளிரில் உருகுவது குறைந்து, விடியற்காலையில் ஆறு வடிந்திருக்கும். பனி உருகும் இடத்திலிருந்து தள்ளிப் போகப் போக வெள்ளம் வந்து சேர நேரமாகும் என்பதால், கீழ்ப் பள்ளத்தாக்குகளில் இரவிலும் நீர் ஏறலாம். எனவே ஆற்றுக்கு இந்தப் பக்கமே கூடாரம் அடித்து, மறுநாள் முதல் வேலையாகக் கடப்பதுபோல் நாள்களைப் பிரிக்க வேண்டும். மாலையில் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். காலையில் அது நீரை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்தாலே நிலைமை புரியும். மேகம் மூடிய வெதுவெதுப்பான இரவென்றால் எதிர்பார்த்த அளவு வடியாது. மழைநீர் ஆறுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது; அங்கே மேல்மலையில் பெய்யும் மழைதான் நேரத்தைத் தீர்மானிக்கும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மலையாற்றில் வேகமும் தெரிந்தாக வேண்டும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலில் மோதும் விசை நான்கு மடங்காகிவிடும். ஒரு சுள்ளியை நீரில் போட்டுவிட்டுக் கரையோடு நடந்து பாருங்கள். சுள்ளி உங்கள் நடையை முந்தினால், முழங்காலளவு நீரானாலும் அங்கே இறங்க வேண்டாம். அடியில் பாறைகள் உருளும் சத்தம் கேட்டாலும் அப்படியே. ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கம் ஆழமாக அரித்திருக்கும். பல கிளைகளாகப் பிரிந்து அகலமாக ஓடும் இடமே பெரும்பாலும் ஆழம் குறைந்தது. கீழே நீர்வீழ்ச்சியோ விழுந்து கிடக்கும் மரமோ இருந்தால், வேறு எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்குவது பெரிய தவறு. வழுக்கும் கல்லிடுக்கில் கால் சிக்கினால் நீரே ஆளைச் சாய்த்துவிடும். முதுகுப்பையின் மார்புப் பட்டியைக் கழற்றிவிட வேண்டும். இடுப்புப் பட்டியில் இரு கருத்து உண்டு. கழற்றாவிட்டாலும் ஒரே இழுப்பில் கழல்கிறதா என்று கரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாகக் கடப்பவர் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, கம்பை முன்னால் ஊன்றி, கம்பு, இரண்டு கால் என்ற மூன்றில் ஒன்றை மட்டும் ஒரு நேரத்தில் நகர்த்த வேண்டும். குழுவாக இருந்தால் நீரோட்டத்துக்கு இணையாக ஒரே வரிசையில், கைகோத்து, வலுவானவர் மேல்நீர்ப் பக்கம் நிற்க, எல்லோரும் எதிர்க்கரையைப் பார்த்து ஒன்றாக நகர வேண்டும். உடம்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கவே கூடாது: விழுந்தவரைக் கயிறு ஓரிடத்தில் இழுத்துப் பிடிக்க, நீரின் விசை அவரை அடியில் அமுக்கும். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் வைத்துக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது.

ஆறு வடியக் காத்திருக்க உணவு வேண்டும். ஒரு நாளுக்கு 600 முதல் 800 கிராம் உலர் உணவு என்பது நடைமுறைக் கணக்கு. ஐந்து நாள் வழிக்கு ஆறாவது நாளின் உணவும் பையில் இருக்கட்டும். அது கையில் இல்லாதபோதுதான் ‘இன்றே தாண்டிவிடலாம்’ என்ற அவசர முடிவு பிறக்கிறது. கடந்த பின் காலுறையை மாற்றுங்கள். ஊறிய தோல்தான் அடுத்த இறக்கத்தில் கொப்புளமாகும்.

இனி மலைநடைக் கட்டுரை வெளியிடும்போது, ஒவ்வொரு நாளின் மொத்த ஏற்றம், பாலமில்லாத ஆறுகள் எத்தனை, அவை பனிநீரா மழைநீரா, பாதியில் வெளியேற எங்கே வழி என்ற நான்கு தகவல்களையும் ஒரு சிறு பெட்டியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு படத்தின் இடம் போதும்.

இப்படிக்கு,
மலைநடை ஆர்வலர் ஒருவர்