பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

புதுத் தகரக் கூரைக்கு ஆர்டர் கொடுக்கும்போது, "பழைய சிமெண்ட் ஷீட்டை நீங்களே உடைத்து இறக்கிவிடுவீர்களா?" என்று பலரும் கேட்கிறீர்கள். இறக்கித் தருவோம், உடைக்க மாட்டோம். கூலி கொஞ்சம் கூடுவதற்கு அதுதான் காரணம்.

அந்த ஷீட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸின் ஒரு வகை. விரிசலில்லாமல் கிடக்கும்வரை நார் பெரும்பாலும் சிமெண்டுக்குள்ளேயே இருக்கும். அவசரப்பட்டுக் கழற்ற வேண்டியதில்லை. கிரைண்டரால் அறுப்பது, ட்ரில் போடுவது, மேலிருந்து எறிவது, இதில்தான் வினை. கண்ணுக்குத் தெரியாத நார் மூச்சோடு போய்த் தங்கிவிடும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய் பெரும்பாலும் 30, 40 ஆண்டு கழித்தே தெரியும். பிரிட்டன் 1999-இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது. அங்கே இன்னும் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் இந்த நோயால் இறக்கிறார்கள். இங்கே ஷீட் விற்பனைக்குத் தடையில்லை. கடையில் கிடைக்கிறது என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

வேறு ஆளை வைத்துச் செய்தாலும் இவற்றைப் பாருங்கள். ஷீட் மேல் ஏறவே கூடாது, ஆள் எடை தாங்காது. கீழே சாரம் கட்டி வேலை செய்யட்டும். தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து இருபுறமும் தெளித்து ஊற விடுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம், அது நாரைப் பெயர்த்துவிடும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட் (கொக்கி போல வளைந்த போல்ட்) துருப்பிடித்திருந்தால் நட்டோடு மல்லுக்கட்டாமல் போல்ட் கட்டரால் வெட்டிவிடலாம். ஷீட்டை முழுசாகக் கைமாற்றி இறக்கி, 200 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள். துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் உதவாது, என்95-ம் போதாது; பி100 ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் வகை) போட்ட, மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும் ஹாஃப் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஓரத்தில் கசியும்.

தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் ஷீட்டோடு கட்டுங்கள். வேலைச் சட்டையை வீட்டில் உதறித் துவைக்கவே கூடாது. கணவரின் வேலைத் துணியைத் துவைத்தே இந்த நோய் வந்த பெண்கள் பல நாடுகளில் உண்டு.

உடைந்த துண்டைப் பள்ளத்தில் கொட்டுவதும், பாதைக்கு நிரவுவதும், நல்ல ஷீட்டை ஆட்டுக் கொட்டகைக்குத் தருவதும் வேண்டாம். எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பழைய ஷீட்டை நாங்கள் விலைக்கு எடுப்பதில்லை.