ஸ்நேகபானம் எத்தனை நாள்? பஞ்சகர்ம மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பஞ்சகர்மம் எனும் உடல் சுத்திகரிப்புச் சிகிச்சை அளித்துவரும் ஆயுர்வேத மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

ஸ்நேகபானம் எனப்படும் மருந்து நெய் குடிக்கும் சிகிச்சையை "ஐந்து நாள் பேக்கேஜ்", "ஏழு நாள் பேக்கேஜ்" என்று முன்கூட்டியே விலை பேசி விற்பதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நெய் குடிப்பதையே எதிர்ப்பவன் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். என் அக்காவுக்குக் காளாஞ்சகப்படைக்காக (சொரியாசிஸ்) மகாதிக்தக கிருதம் என்ற கசப்பு மருந்து நெய்யைக் கொடுத்து, எண்ணெய் தேய்த்து, வியர்க்கவிட்டு, பேதிக்கும் கொடுத்தார்கள்; படை தணிந்தது. அதில் நெய்யின் பங்கு எவ்வளவு, பத்தியத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் மருத்துவன் அல்லேன். ஆனால், உடனிருந்து பார்த்துக்கொண்ட அந்த நாட்களில் கண்டவையும், அதன்பின் தேடிப் படித்தவையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் கல்லூரியில் படித்த ஆயுர்வேத மூலநூலான அஷ்டாங்க ஹிருதயத்தின் சூத்திரஸ்தானம் 16-ஆம் அத்தியாயம் இதைப் பற்றியதே. குடித்த நெய் இரண்டு சாமத்தில், அதாவது ஏறத்தாழ 6 மணி நேரத்தில், செரித்தால் அது சிறிய அளவு. நான்கு சாமத்தில் செரித்தால் நடுத்தர அளவு. எட்டுச் சாமம் எடுத்துக்கொண்டால் பெரிய அளவு என்று அது வகுக்கிறது. அளவு பாத்திரத்தில் இல்லை, குடித்தவரின் செரிமானத்தில்தான் இருக்கிறது என்பதே இதன் பொருள். அதனால்தான் முதல் நாள் மிகக் குறைவாகக் கொடுத்து, பசி எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று குறித்து வைத்து, அதைக் கொண்டு மறுநாள் அளவைக் கணக்கிட வேண்டும். நாட்களுக்கும் இதே நியாயம்தான்: மென்மையான குடல் உள்ளவருக்கு 3 நாள், கடினமான குடல் உள்ளவருக்கு 7 நாள் என்று சொல்லிவிட்டு, "அல்லது உடல் சரிவர நெய்ப்புப் பெறும் வரை", அதாவது எண்ணெய்ப் பசை உடலில் போதிய அளவு ஊறும் வரை, என்று அந்நூல் முடிவைத் திறந்தே விடுகிறது. ஏழு நாளைத் தாண்டக் கூடாது என்பது உண்மைதான். அது மேல் எல்லை. கட்டாயம் எட்டித் தீர வேண்டிய இலக்கு அல்லவே!

நான் பார்த்தது வேறு. அக்காவின் கட்டில் அருகே மாட்டியிருந்த தாளில் 30, 60, 90, 120, 150 மில்லி என்று ஐந்து நாள் அளவும் அச்சாகவே வந்திருந்தது. பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தார்கள். காலை ஆறரை மணிக்கு வெந்நீரில் வைத்து உருக்கிய நெய் எவர்சில்வர் டம்ளரில் வரும். வேம்பும் கடுகுரோகிணியும் ஏழிலைப்பாலையும் நெல்லிக்காய்ச் சாறும் சேர்ந்து காய்ந்த நெய் அது. ஊத்துக்குளி நெய்யில் வளர்ந்த நாக்குக்கு அது நெய் என்றே தோன்றாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பிளாஸ்கில் இருக்கும் சுக்கு வெந்நீரை மிடறு மிடறாகக் குடித்தபடி, ஏப்பத்தில் நெய் வாசம் நீங்கி நல்ல பசி எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். பசித்த பிறகுதான் கஞ்சி. பகலில் உறங்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் கூடாது, காற்றில் அலையக் கூடாது. இவையெல்லாம் சரியாகவே சொல்லப்பட்டன. பசி எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை டம்ளரைக் கண்டதுமே அக்காவுக்குக் குமட்டியது. முந்தைய நாளே மலம் எண்ணெய்ப் பசையோடு இளகிப் போயிருந்தது, தோலும் மழமழவென்றிருந்தது. "ஏனுங்க அம்மிணி, இன்னைக்கும் குடிச்சே தீரோணுமுங்களா?" என்று அவர் கேட்டதற்கு, "அஞ்சு நாளைக்குக் கட்டியிருக்கீங்கள்ல, பாதியில நிறுத்துனா பலனில்லீங்க" என்று பணிப்பெண் பதில் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால், நெய்யின் மேல் வெறுப்புத் தோன்றுவதையும், மலம் இளகி நெய்ப்போடு வெளியேறுவதையும், உடல் மென்மையாவதையும் நெய்ப்பு நிறைந்ததற்கான அடையாளங்களாக அதே அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. போதும் என்று உடல் சொன்னதை நோயாளியின் சிணுங்கல் என்று தள்ளிவிட்டு, மருத்துவர் வந்து பார்க்காமலே 120 மில்லி கொடுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி வாந்தியாகப் போயிற்று.

இதைவிட என்னை அச்சுறுத்தியது பக்கத்து அறையில் நடந்ததுதான். பல்லடம் பக்கத்திலிருந்து வந்திருந்த விசைத்தறிக்காரர் ஒருவர் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுபவர். காலையில் மாத்திரையையும் போட்டுக்கொண்டு நெய்யையும் குடித்துவிட்டு, பசி வராததால் கஞ்சியும் குடிக்காமல் இருந்தவருக்கு, பதினோரு மணிக்குக் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, பேச்சுக் குழறியது. நெய் "வேலை செய்கிறது" என்று அங்கே ஒருவர் சொன்னார். அவர் மகன் கொண்டுவந்திருந்த கருவியில் பார்த்தபோது சர்க்கரை 70-க்கு வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. இதில் புதிர் எதுவும் இல்லை: அந்த வகை மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும், நெய்யில் மாவுச்சத்து கிடையாது, வயிற்றுக்குள் வேறு உணவும் போகவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசி, நெய் குடிக்கும் நாட்களில் அதைக் குறைப்பதா நிறுத்துவதா என்று முன்பே முடிவு செய்திருந்தால் இது நேர்ந்திருக்காது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

சேர்க்கும் முன் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்றும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள். 100 மில்லி நெய் என்பது ஏறத்தாழ 800 கலோரிக் கொழுப்பு; அவ்வளவு கொழுப்பு ஒரே மூச்சில் உள்ளே போனால் பித்தப்பை இறுகிச் சுருங்கும்; கல் இருந்தால் வலி துடிக்கவைக்கும். டிரைகிளிசரைடு எனும் இரத்தக் கொழுப்பு மிக அதிகமாக உள்ளவர்களுக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்பும் உண்டு.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு சொல். "நெய் குடித்து எடை குறையுங்கள்" என்ற துண்டறிக்கை ஒன்று எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கைக்குக் கை மாறியது. உடல் பருத்தவர்களை நெய் குடிக்கத் தகாதவர்கள் பட்டியலில் வைத்திருப்பது உங்கள் நூல்தான்; பருமன், நீரிழிவு இரண்டையும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். பருவமும் இப்படித்தான். நெய் குடிக்கச் சரத்காலமே, அதாவது புரட்டாசி ஐப்பசியை ஒட்டிய நாட்களே உகந்தவை என்று நூல் கூறும்போது, ஆடித் தள்ளுபடி என்று துணிக்கடைக்காரர்களோடு போட்டி போடுவது உங்களுக்கு அழகல்ல.

ஆகவே நான் கேட்பது இவைதான். கட்டணத்தை நாள் கணக்கில் வாங்குங்கள். மூன்றாம் நாளே நெய்ப்பு நிறைந்துவிட்டால், மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் அல்லது அடுத்த கட்டச் சிகிச்சையில் கழித்துக்கொள்ளுங்கள். அச்சடித்த அளவுத் தாளை எடுத்துவிட்டு, நெய் குடித்த நேரம், பசி வந்த நேரம், மலம் போன விதம், மறுநாள் அளவு ஆகியவற்றை மருத்துவரே தம் கையால் எழுதிக் கையொப்பமிடும் ஏட்டை வையுங்கள். நோயாளி வீடு திரும்பும்போது அதன் படியைக் கொடுங்கள். சேர்க்கும் அன்றே, அவர் சாப்பிடும் அலோபதி மாத்திரைகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று ஒவ்வொரு தளத்திலும் இருக்கட்டும்; பெரிய செலவில்லை. பணிப்பெண்களுக்கு நெய்ப்பின் அடையாளங்களைத் தமிழில் எழுதிக்கொடுத்து, அவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த டம்ளரை எடுக்கும் முன் மருத்துவரை அழைக்கும் உரிமையையும் கொடுங்கள்.

என் அக்கா மறுபடியும் இச்சிகிச்சைக்குப் போக விரும்புகிறார். இந்த ஏட்டை வைத்திருக்கும் மருத்துவமனை எதுவானாலும், அது பொள்ளாச்சியில் இருந்தாலும் பெருந்துறையில் இருந்தாலும், அங்கேயே அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசிக்குள் உங்களில் யாரேனும் தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
நோயாளிக்குத் துணையிருந்த ஒருவன்,
காங்கேயம் வட்டம்.