நாலாவது மாத்திரை எழுதுவதற்கு முன்

அம்மாடி,

மூன்று மருந்து கொடுத்தும் அந்த மனிதருக்கு பிரஷர் 170-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது, கேட்டால் எல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்றுதான் சொல்கிறார், நாலாவதாக ஒன்று சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன் என எழுதியிருந்தாய். எதைச் சேர்ப்பது என்பதை உன் பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொள், அது என் வேலை இல்லை. ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இத்தனை வருஷம் நின்றவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். முதல் மூன்றும் வயிற்றுக்குள் போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நாலாவதை யோசி.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டிருப்பாய். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. வெள்ளைக் கோட்டுப் போட்ட, மகள் வயசுப் பெண் ஒருத்தி, வெளியே கூட்டம் காத்துக் கிடக்கும்போது பேனாவைப் பிடித்தபடி கேட்டால், யாரம்மா "இல்லை" என்பார்கள்? அவர் பொய் சொல்கிறார் என்று உனக்குக் கோபம் வருகிறது. வேறு பதில் சொல்ல நீ இடமே வைக்கவில்லையே.

இது உன் நோயாளியின் தனிக் குணம் என்று நினைத்துவிடாதே. 2003-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. நாள்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர்கள் வசதியான நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்றது. அப்புறம், மாத்திரை டப்பாவின் மூடிக்குள் ஒரு சின்ன மின்னணுச் சில்லு (சிப்) வைத்து எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று பதிவு செய்து பார்த்தார்கள். அப்படிப் பார்த்த 4,700-க்கும் மேற்பட்ட பிரஷர் நோயாளிகளின் கணக்கு 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு வருஷத்துக்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் மருந்தையே விட்டிருந்தார்கள். விடாமல் தொடர்ந்தவர்களிடமும் எந்த நாளை எடுத்தாலும் பத்தில் ஒரு வேளை மாத்திரை விட்டுப்போயிருந்தது. இத்தனைக்கும் இவர்கள் ஆய்வில் சேர்ந்தவர்கள். யாரும் கணக்கெடுக்காத சாதாரண மனிதர்களை நீயே யோசித்துப் பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு, உனக்குப் பாடத்தில் சொல்லியிருக்கலாம். டாக்டரைப் பார்க்கப் போகும் நாள் நெருங்கியதும் மாத்திரையை ஒழுங்காக ஆரம்பிப்பார்கள், பார்த்துவிட்டு வந்ததும் சில நாள் தொடரும், பிறகு மெல்ல நழுவும். அம்லோடிபின் மாதிரி பிரஷர் மருந்து உடம்பில் ஒரு நிலைக்கு வரவே ஒரு வாரம் ஆகும். இரண்டு நாள் முன்னால் ஆரம்பித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அளவு இறங்கியிருக்காது. மருந்து போதவில்லை என்று நீ எழுதுவாய். அவரும் தலையாட்டி வாங்கிக்கொள்வார். மூன்று மருந்துக்கும் அடங்காத பிரஷர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. சிலவற்றில் நாலில் ஒருவர், சிலவற்றில் பாதிப் பேர், எழுதிக் கொடுத்த மருந்தில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ எடுக்கவே இல்லை என்று தெரிந்தது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். போடாத மருந்துக்கு மேல் மருந்தாக நீ ஏற்றிக்கொண்டே போகிறாய் என்று வை. ஒரு நாள் அவர் வேறு ஏதோ காரணத்துக்காக வார்டில் சேர்கிறார். அங்கே நர்ஸ் சீட்டில் உள்ள நாலையும் நேரம் தவறாமல் கையில் கொடுத்து, முழுங்கும்வரை நின்று பார்ப்பார். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலும் ஒன்றாக உள்ளே போகும். அடுத்த நாள் எழுந்து நின்றவர் கண் இருட்டிக் கீழே விழுவார். எல்லாரும் அவருக்கு என்ன புது வியாதி என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் போடுவதில்லை என்றால், மறதி பாதிதான் அம்மா. மீதிப் பாதி அவர்கள் யோசித்து எடுத்த முடிவு. பிரஷர் வலிக்காது, மாத்திரைதான் தொந்தரவு கொடுக்கும். மாத்திரைக்கு முன்னால் நன்றாக இருந்தவருக்கு அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று வருகிறது. எனாலாப்ரில், ராமிப்ரில் போட்டவருக்கு ராத்திரி முழுக்க வறட்டு இருமல். அம்லோடிபின் என்றால் கணுக்கால் வீக்கம் (எனக்கும் உண்டு, சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் தழும்பு தெரியும்). இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் போட்டால் ஒரு அசதி. நீர் மாத்திரை போடுகிறவர்கள் வெளியூர் போகும் நாளில் சத்தமில்லாமல் அதைத் தவிர்த்துவிடுவார்கள், வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற கவலை, குறிப்பாகப் பெண்களுக்கு. ஆண்களுக்குப் படுக்கையில் பிரச்சினை வந்தால் அதை உன்னிடம் சாகும்வரை சொல்ல மாட்டார்கள், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். ஜன்னலில் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், "இந்த வெள்ளை மாத்திரையை மட்டும் விட்டுட்டா ஒண்ணும் ஆகாதில்ல?" என்று. இந்தத் தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மாற்று மருந்து உன் கையிலேயே இருக்கிறது. இருமலுக்கு டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகைக்கு மாற்றலாம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இருமல் இருக்கிறது என்று யாராவது உனக்குச் சொல்ல வேண்டுமே.

அப்புறம் நம்பிக்கைகள். கிட்னி போய்விடும் என்ற பயம்தான் எல்லாவற்றிலும் பெரிது. கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கும் என்று சொன்னால் நம்பாதவர்கள்கூட, ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் போன வருஷம் இவ்வளவு, இப்போதும் அதே அளவு என்று விரலை வைத்துக் காட்டினால் கொஞ்சம் இளகுவார்கள். அளவு 130-க்கு வந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று நிறுத்துபவர்கள் இன்னொரு கூட்டம். மாத்திரையால்தான் 130 என்பதை ஒரு தடவை சொன்னால் போதாது, ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். பீட்டா பிளாக்கரையும் குளோனிடின் என்ற பிரஷர் மருந்தையும் எழுதும்போது மட்டும் இன்னும் அழுத்திச் சொல். திடீரென நிறுத்தினால் குளோனிடினில் பிரஷர் எகிறும், பீட்டா பிளாக்கரில் இதயத்துக்கே ஆபத்து. விட்டு விட்டுப் போடுவார் என்று தெரிந்த ஆளுக்கு குளோனிடின் எழுதுவதையே நான் விரும்ப மாட்டேன்.

சரி, எப்படிக் கேட்பது? "தினமும் மாத்திரை போடுறது கஷ்டம்தான், எல்லாருக்கும் நடுவுல விட்டுப்போகும். போன வாரத்துல உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" இப்படிக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு. அந்த அமைதியை உன்னால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் முயற்சி செய். ரெண்டு நாள் என்பார். ரெண்டு என்று ஒப்புக்கொண்டால் நாலாக இருக்கும். திட்டிவிடாதே. ஒரு தடவை திட்டினால் அதற்கப்புறம் ஆயுசுக்கும் "ஒழுங்கா போடுறேன் டாக்டர்"தான்.

தேதியையும் பார். ஒன்றாம் தேதி முப்பது மாத்திரை வாங்கியவர் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வந்து நின்றால் நடுவில் இரண்டு வாரம் எங்கே போனது? நான் வாயைக் கேட்டதைவிட சீட்டில் உள்ள தேதியைத்தான் அதிகம் நம்பினேன். ஆனால் தேதி தவறாமல் வாங்கி அலமாரியில் அடுக்கி வைப்பவர்களும் உண்டு. அதனால் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல். தொடாத அட்டை வரும், காலாவதியானது வரும், ஒரே மருந்து இரண்டு பெயரில் வரும்.

மாத்திரை எண்ணிக்கையையும் குறைக்கப் பார். இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்தது கிடைக்கிறது, 2019-இல் உலக சுகாதார நிறுவனமே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அந்த வகையைச் சேர்த்துவிட்டது. காலையா ராத்திரியா என்று சண்டை போடாதே. பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது, எப்போது போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. அவருக்கு எது மறக்காதோ அந்த நேரம். நீர் மாத்திரையை மட்டும் படுக்கும்போது கொடுக்காதே, தூக்கம் போனால் மாத்திரையும் போகும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடு, பலர் ஈடு கட்டப் பார்ப்பார்கள்.

மூட்டு வலிக்கு ஏதாவது போடுகிறாரா என்றும் கேள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் பிரஷரை ஏற்றும், ஆனால் வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இவ்வளவும் பார்த்த பிறகும் 170-இல் நின்றால் நாலாவதை எழுது, தப்பே இல்லை. என்ன ஆயிற்று என்று எனக்கும் சொல்.

அப்பா