ஆசிரியர் ஓய்வூதியம்: இடையில் விட்டுத் திரும்பியவரையும் கணக்கில் சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகை நடத்துபவரையும் பள்ளியில் பாடம் நடத்துபவரையும் தமிழ் ஒரே சொல்லால்தான் அழைக்கிறது. அந்த உறவின் உரிமையில் இக்கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆசிரியர்களுக்கான ஓய்வூதியம் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், கடைசி ஊதியத்தில் பாதியா, மூன்றில் இரண்டா என்ற ஒரு கேள்வியில் வந்து அது நின்றுவிடுகிறது. ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரு நாள்கூடப் பணிமுறிவு இல்லாமல் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போடுகிறோம். கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றபின் சக ஆசிரியர்கள் பலருக்கு ஓய்வூதியப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி முழுப்பணி செய்தவருக்குப் பெரும்பாலான திட்டங்கள் ஏதோ ஒரு வகையில் நன்மை செய்துவிடுகின்றன. ஒரு திட்டம் நேர்மையானதா என்பது தெரிய வேண்டுமானால், இடையில் விட்டுத் திரும்பியவர், ஊர் மாறியவர், மணிக்கணக்கு ஊதியத்தில் வேலை பார்த்தவர், பணியில் இருந்தவர் இறந்தபின் தனித்து நிற்கும் துணைவர் ஆகியோருக்கு அது என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னோடு பணியாற்றிய அம்மையார் ஒருவர் மூன்று பணிப்பதிவேடுகளைத் துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். முதல் பதிவேட்டின் முதுகு கிழிந்து, நூல் கொண்டு தைக்கப்பட்டிருந்தது. அதில் 6 ஆண்டு 4 மாதம். குழந்தைகளையும் படுக்கையில் கிடந்த மாமியாரையும் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர், பின்னர் வேறொரு நிர்வாகத்தில் மணிக்கணக்கு ஊதியத்தில் 5 ஆண்டுகள் பாடம் எடுத்திருந்தார். மூன்றாவதாக, நிரந்தரப் பணியில் 9 ஆண்டு ஒன்பதரை மாதம். ஆகக் கரும்பலகையின் முன் நின்றது 21 ஆண்டுக்கும் மேல். ஆனால் விதிப்படி, தாமாக விலகியதால் முதல் பதிவேடு செல்லாது. மணிக்கணக்கு ஊதியம் என்பதால் இரண்டாவது செல்லாது. ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு தகுதிப் பணிக்காலம் வேண்டும் என்பதால் மூன்றாவதும், இரண்டரை மாதக் குறைவால், செல்லாது. படிவத்தில் "மாத ஓய்வூதியம்" என்ற கட்டத்தில் நான் ஒரு கோடு கிழித்தேன். தாம் செலுத்திய பங்களிப்பு மட்டும் வட்டியோடு அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

பத்து ஆண்டு என்பது இயற்கை விதி அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2011 முதல் சேர்ந்த ஆசிரியர்களுக்கு அந்த வரம்பு 10 ஆண்டு. நியூயார்க் மாநிலம் தனது 10 ஆண்டு வரம்பை 2022-இல் 5 ஆண்டாகக் குறைத்தது. இங்கிலாந்தின் ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் அது இரண்டே ஆண்டு. சில மாதங்களே வேலை பார்த்தவருக்கு ஆயுள் முழுவதும் ஒரு சிறு தொகையை அனுப்பிக்கொண்டிருப்பது நிர்வாகத்துக்கு வீண்செலவு என்பதை ஏற்கிறேன். அந்த வீண்செலவைத் தவிர்க்க இரண்டு ஆண்டு வரம்பு போதும். அதற்கு மேல் நீளும் ஒவ்வோர் ஆண்டும், இடையில் போனவரின் பங்கை எடுத்துக் கடைசிவரை இருந்தவருக்குக் கொடுக்கும் ஏற்பாடாகிவிடுகிறது.

இது புதிய கோரிக்கையும் அல்ல. யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரையைப் பாரிசில் கூடிய அரசுகளின் மாநாடு 1966 அக்டோபர் 5 அன்று ஏற்றது. எவ்வகைப் பள்ளியில் பணியாற்றினாலும் ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒரே அளவிலான அல்லது ஒத்த சமூகப் பாதுகாப்பு வேண்டும், முறையாகப் பகுதிநேரம் பணியாற்றுபவருக்கும் ஓய்வூதியத் திட்டத்தில் இடம் வேண்டும், ஒரு கல்வி நிர்வாகத்தின் கீழ் ஈட்டிய ஓய்வூதிய உரிமை அதே நாட்டில் வேறு நிர்வாகத்துக்கு மாறும்போது கூடவே போக வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அந்த அக்டோபர் 5-ஐத்தான் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று பூச்செண்டு கொடுப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பரிந்துரையைப் படித்திருப்பார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நானே ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன்.

வகுப்பறைக்கு வெளியே உழைத்த ஆண்டுகளும் இதே போலக் காணாமல் போவதுண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களின் ஆசிரியர்கள் நாட்டின் பொதுச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஆசிரியராகும் முன்போ, கோடை விடுமுறையிலோ வேறு வேலை பார்த்து அந்தப் பொதுத் திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தாலும், ஆசிரியர் ஓய்வூதியம் வாங்குகிறார் என்ற காரணத்தால் அவருக்கு வர வேண்டியதைக் குறைக்கும் விதி 1983-இல் கொண்டுவரப்பட்டது. அது நீக்கப்பட்டது 2025 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில், உழைத்துக் கட்டிய பணம் முழுப் பலன் தராமல் போனவர்களில் எத்தனையோ பேர் அந்த நாளைப் பார்க்கவில்லை.

அடுத்தது, எந்த ஊதியத்தை அடிப்படையாகக் கொள்வது என்பது. கடைசி ஊதியமே அடிப்படை என்பதை எங்கள் சங்கக் கூட்டங்களில் வேதவாக்காகவே பேசுவோம், நானும் பேசியிருக்கிறேன். படிவங்கள் நிரப்பத் தொடங்கியபின் எனக்கு அதில் ஐயம் வந்துவிட்டது. பணியின் கடைசி ஓரிரு ஆண்டுகளில் பதவி உயர்வு பெற்று நிர்வாக நாற்காலிக்குப் போனவருக்கு, அந்த ஓரிரு ஆண்டு ஊதியமே ஆயுள் முழுவதற்கும் அளவுகோலாகிறது. பதவி உயர்வை விரும்பாமல் கடைசிவரை வகுப்பறையிலேயே நின்றவரும், உடல்நலம் குன்றிக் கடைசி ஆண்டுகளில் பாதி நேரப் பணிக்கு மாறியவரும் அதே விதியால் இழக்கிறார்கள். இங்கிலாந்தில் 2015 ஏப்ரல் முதல் பணிக்காலச் சராசரி முறை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டு ஊதியத்தில் 57-இல் ஒரு பங்கு ஓய்வூதியக் கணக்கில் ஏறுகிறது. 38 ஆண்டு பணி செய்தவருக்குச் சராசரி ஊதியத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் இந்த முறை நேர்மையாவது ஒரே நிபந்தனையின் பேரில்தான்: முப்பது ஆண்டுக்கு முன் ஏறிய பங்கை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே வர வேண்டும். அங்கே பணியில் இருக்கும்வரை அது விலைவாசி உயர்வோடு மேலும் 1.6 சதவீதம் சேர்த்து உயர்த்தப்படுகிறது. அந்த உயர்த்தல் இல்லாத சராசரி, அன்றைய சம்பளத்தை வைத்து இன்றைய வயிற்றை நிரப்பச் சொல்வதாகும்.

ஓய்வுபெற்ற பிறகும் விலைவாசி நிற்பதில்லை. மாணவர்களுக்கு நான் கூட்டு வட்டி சொல்லித்தரும்போது கடன்காரரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்; இப்போது ஓய்வூதியரைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், மாறாத ஓய்வூதியத்தின் வாங்கும் சக்தி 12 ஆண்டில் பாதியாகிவிடும். 3 சதவீதமே ஏறினாலும் 24 ஆண்டில் பாதி. அறுபதில் ஓய்வுபெற்றவருக்கு 84 வயது இன்று அரிதான வயது அல்ல. மருந்துச் செலவு உச்சத்தில் இருக்கும் அந்த வயதில்தான் கையில் இருப்பது பாதியாகிறது. எனவே, விலைவாசியோடு ஏறாத ஓய்வூதியத்தை எத்தனை சதவீதத்தில் தொடங்கினாலும் அதை முழு ஓய்வூதியம் என்று நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று கேட்பவர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்து அதைச் சந்தையில் போட்டுவிட்டால் அரசின் சுமை தீரும் என்கிறார்கள். சுமை தீர்வதில்லை, தோள்தான் மாறுகிறது. 2008-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 பங்குக் குறியீடு ஏறத்தாழ 38 சதவீதம் சரிந்தது. ஒரே பள்ளியில் ஒரே அளவு பணம் சேர்த்த இருவரில் ஒருவர் அந்த ஆண்டின் தொடக்கத்திலும் மற்றவர் முடிவிலும் ஓய்வுபெற்றிருந்தால், பிறந்த மாதம் மட்டுமே அவர்களின் முதுமையைப் பிரித்திருக்கும். எத்தனை வயதுவரை வாழ்வோம் என்பதும் தனி ஒருவரால் கணிக்கக்கூடியதல்ல. ஆயிரம் பேர் சேர்ந்தால் அது ஓரளவு கணிக்கக்கூடியதாகிறது. பலர் சேர்ந்து ஒரு நிதியை வைத்துக்கொள்வதன் பொருளே இதுதான்.

செலவு பற்றிய கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். இல்லினாய், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களின் ஆசிரியர் நிதிகளில் விழுந்த பள்ளத்துக்கு, அரசு கட்ட வேண்டிய பங்கைப் பல ஆண்டுகள் குறைத்துக் கட்டியது ஒரு முக்கியக் காரணம். ஆசிரியரின் பங்கு மட்டும் மாதம் தவறாமல் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோ வேறு வழியைக் காட்டுகிறது: 1990-இல் தனி அமைப்பாக்கப்பட்ட அங்குள்ள ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு இன்று ஆசிரியர் கூட்டமைப்பும் மாகாண அரசும் கூட்டுப் பொறுப்பாளர்கள், உபரி வந்தாலும் துண்டு விழுந்தாலும் இருதரப்பும் பேசித்தான் தீர்க்க வேண்டும். நெருக்கடி வந்தபோது, 2009-க்குப் பிந்தைய பணிக்கான விலைவாசிக்கு ஏற்ற உயர்வை நிதியின் நிலைமையைப் பொறுத்ததாக ஆக்க அங்கே ஆசிரியர் தரப்பும் சம்மதித்தது. அது எனக்கு உவப்பான முடிவல்ல. ஆனாலும் கணக்கேட்டைப் பார்த்தவர்கள், மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து, வருங்காலப் பணிக்கு மட்டும் பொருந்தும்படி எடுத்த முடிவு அது.

வருங்காலப் பணிக்கு மட்டும் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓய்வூதியம் என்பது தயவால் வழங்கும் கொடை அல்ல, செய்த பணியால் ஈட்டிய உரிமை என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கின் தீர்ப்பில் உறுதிப்படுத்தியது. வருங்காலப் பணிக்கான மாற்றத்திலும் பாகுபாடு கூடாது: பிரிட்டனில் 2015-இல் ஓய்வூதியத் திட்டங்களை மாற்றியபோது, வயது கூடியவர்களைப் பழைய திட்டத்தில் விட்டுவிட்டு இளையவர்களை மட்டும் புதியதற்கு மாற்றியது வயதுப் பாகுபாடு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் கூறியது. வழக்கைத் தொடுத்தவர்கள் நீதிபதிகளும் தீயணைப்பு வீரர்களும்; ஆனால் பரிகாரம் ஆசிரியர்களுக்கும் பொருந்தியது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் ஆசிரியப் பணியில் பல நாடுகளில் பெரும்பான்மையினர் அவர்களே. பெண்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்று சொல்லி லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு துறை தன் பெண் ஊழியர்களிடம் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலாக ஓய்வூதியப் பங்களிப்பு பிடித்தது. அது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. வெளிப்படையான பாகுபாடு அப்படித் தோற்றது. மகப்பேற்றுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் எடுத்த ஆண்டுகளைப் "பணிமுறிவு" என்று எழுதும் பாகுபாடோ இன்னும் பதிவேடுகளில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் குறைந்தது ஒரு பகுதியேனும் பணிக்காலமாக ஏற வேண்டும். குடும்ப ஓய்வூதியமும், இறந்தவரின் பணிக்காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், துணைவர் பிழைத்துக்கொள்ளும் அளவுக்கு ஓர் அடித்தளத் தொகைக்குக் கீழே போகக் கூடாது.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். ஆண்டுதோறும் ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் ஒரு தாள் தர வேண்டும்: இதுவரை ஏறிய பணிக்காலம் இவ்வளவு, ஏறாமல் விடப்பட்டது இவ்வளவு, அதற்குக் காரணம் இது, இன்றைய நிலையில் ஓய்வூதியம் இவ்வளவு, தகுதி பெற இன்னும் இத்தனை மாதம். விளக்கக் குறிப்பேடு வேண்டாம். ஒரு தாள் போதும்.

மேலே சொன்ன அம்மையாருக்கு அப்படி ஒரு தாளை நான்தான் முதன்முதலாக எழுதிக் கொடுத்தேன், அவர் ஓய்வுபெற்ற மாதத்தில். இரண்டரை மாதக் குறைவு என்ற வரியை விரலால் தொட்டு இருமுறை படித்தார். பிறகு சொன்னார்: "சார், கடைசியாகச் சேர்ந்த பள்ளியின் பணி ஆணை மூன்று மாதம் முன்னாலேயே கையில் கிடைத்துவிட்டது. மாமியார் காரியமெல்லாம் முடித்துவிட்டுப் பள்ளி திறக்கும் அன்று சேர்ந்துகொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்கள்."

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்